படிக்கத் தெரிகிறது, புரியவில்லை: வாக்கியத்திலிருந்து தொடங்குவது எப்படி?

ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பில் ஒருவகைப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். பத்தியைத் தடுமாறாமல் வாசிப்பார்கள். உச்சரிப்பு சுத்தமாக இருக்கும், காற்புள்ளியில் நிறுத்தவும் செய்வார்கள். வாசித்து முடித்ததும் "சரி, இதில் என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்டால் முழிப்பார்கள். இல்லையென்றால் பத்தியின் முதல் வரியை அப்படியே ஒப்பிப்பார்கள். புதிதாக வகுப்பெடுக்க வந்தவர்களும், மாலையில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இதுதான்: எழுத்து தெரிகிறது, சொல்லும் தெரிகிறது, பிறகு ஏன் புரியவில்லை?

பெரும்பாலும் அவர்கள் சிக்கிக்கொள்வது வாக்கியத்தில். யார், யாரை, என்ன செய்தார், எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று வாக்கியத்தைப் பிரித்துப் பிடிக்க அவர்களுக்கு யாரும் பழக்கவில்லை. 1986இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசித்துப் புரிவதை ஒரு பெருக்கலாக எழுதிக் காட்டினார்கள்: எழுத்தைக் கூட்டிப் படிக்கும் திறன் ஒரு பக்கம், மொழியைப் புரிந்துகொள்ளும் திறன் இன்னொரு பக்கம். பெருக்கல் என்பதால் ஒன்று சுழியமானால் மொத்தமும் சுழியம்தான். 2001இல் ஹோலிஸ் ஸ்கார்பரோ என்ற ஆய்வாளர் வாசிப்பின் கூறுகளைக் கயிற்றின் இழைகள் போலப் பிரித்துக் காட்டியபோது, சொல்வளம், பின்னணி அறிவு இவற்றோடு மொழிக் கட்டமைப்பையும், அதாவது வாக்கியம் அமையும் விதத்தையும், தனி இழையாக வைத்தார். நம் வகுப்புகளில் சொற்பொருள் எழுதிப்போடுகிறோம், பாடத்தின் கருத்தையும் விளக்குகிறோம். நடுவில் இருக்கும் இந்த இழையை இலக்கணப் பாடவேளைக்குத் தள்ளிவிட்டு மறந்துபோகிறோம்.

கீழே சொல்வதெல்லாம் தமிழ் உரைநடையை வாசிக்கும் ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை மனதில் வைத்துச் சொல்வது.

முதலில், எங்கே சிக்குகிறது என்று பாருங்கள்

வேலையைத் தொடங்கும் முன் ஒரு சின்னச் சோதனை. பிள்ளைக்குப் புரியாத பத்தியை நீங்கள் நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். காதால் கேட்டபோது புரிகிறது என்றால் சிக்கல் எழுத்துக் கூட்டுவதில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு இந்தக் கட்டுரை இப்போது உதவாது, வாசிப்புப் பயிற்சிதான் வேண்டும். கேட்டும் புரியவில்லை என்றால் சொல்லிலோ வாக்கியத்திலோ சிக்கல். கடினமான சொற்களுக்கு மட்டும் பொருள் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள். அப்போதும் பதில் வரவில்லை என்றால் வாக்கியத்தில் வேலை இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பத்தி வினாக்களுக்குச் சரியான விடை எழுதுவதை வைத்துப் புரிந்துவிட்டது என்று முடிவுக்கு வராதீர்கள். "முறுக்கன் திண்ணியைச் சடுக்கினான்" என்று கரும்பலகையில் எழுதி, "முறுக்கன் யாரைச் சடுக்கினான்?" என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பே "திண்ணியை" என்று கத்தும். பொருளே இல்லாத வாக்கியத்துக்கு முழு மதிப்பெண்! வினாவில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடி, பக்கத்தில் இருப்பதை எடுத்து எழுதும் பழக்கம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. அதனால் நீங்கள் கேட்கும் கேள்வி வாக்கியத்தைத் திருப்பிப் போட்டதாக இருக்க வேண்டும். "நாயால் துரத்தப்பட்ட பூனை மரத்தில் ஏறியது" என்ற வாக்கியத்துக்கு "மரத்தில் ஏறியது எது?" என்று கேட்டால் ஒன்றும் தெரிய வராது. "ஓடியது எது? துரத்தியது எது? இப்போது தரையில் நிற்பது எது?" என்று கேளுங்கள். இப்படி 'பட்ட', 'பட்டது' என்று வரும் வாக்கியங்கள் வீட்டுப் பேச்சில் அபூர்வம், பாடநூலில் ஏராளம். பிள்ளைகள் முதலில் தடுக்கி விழும் இடங்களில் இதுவும் ஒன்று.

வாக்கியத்தின் வாலைப் பிடியுங்கள்

தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று, அதாவது வாக்கியத்தை முடித்துவைக்கும் வினைச்சொல், பொதுவாகக் கடைசியில் வரும். நீளமான வாக்கியத்தில் அதுவரை வந்த அத்தனையையும் பிள்ளை மனதில் தாங்கிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. பாதியிலேயே கை நழுவிவிடும். ஆகவே முதல் பழக்கம்: நீண்ட வாக்கியத்தைக் கண்டால் முற்றுப்புள்ளிக்குப் போ, அங்கிருக்கும் வினைமுற்றுக்கு அடியில் கோடு போடு, அப்புறம் "யார்?" என்று கேள்.

வினைமுற்றின் கடைசிப் பகுதியான விகுதியே பாதி விடையைச் சொல்லிவிடும். 'வந்தாள்' என்றால் ஒரு பெண், 'வந்தனர்' என்றால் பலர், 'வந்தன' என்றால் பல அஃறிணைப் பொருள்கள், 'வந்தோம்' என்றால் சொல்பவரும் அதில் உண்டு. எழுவாய் வாக்கியத்தில் வெளிப்படையாக இல்லாதபோதும் விகுதியைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். இதைத் 'தோன்றா எழுவாய்' என்று பெயர் சொல்லிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்திருப்பார்கள். ஆனால் வாசிக்கும்போது பயன்படுத்த மாட்டார்கள். "இந்த வரியில் ஆளையே காணோமே, யார் வந்தது, எப்படித் தெரியும்?" என்று கேட்டு விகுதியைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். இலக்கணப் பெயர் பிறகு வந்தால் போதும்.

'இவர் எங்கள் ஊர் மருத்துவர்' போல வினையே இல்லாத வாக்கியங்களும் உண்டு என்பதை ஒருமுறை சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கோடு போட இடம் தேடி ஒரு கெட்டிக்காரப் பிள்ளை திண்டாடும்.

உருபைப் பார்க்கப் பழக்குங்கள்

"மீனா கலாவைத் தேடினாள்", "கலாவை மீனா தேடினாள்", "மீனாவைக் கலா தேடினாள்" என்ற மூன்றையும் எழுதி, ஒவ்வொன்றிலும் தொலைந்துபோனவள் யார் என்று கேளுங்கள். சொல் வந்த வரிசையை நம்பும் பிள்ளைகள் இரண்டிலாவது மாட்டிக்கொள்வார்கள். தமிழில் யார் யாரை என்பதை இடம் சொல்வதில்லை, பெயரோடு ஒட்டி வரும் உருபு சொல்கிறது. ஐ, ஆல், ஓடு, கு, இருந்து, உடைய, இல் என்று வேற்றுமை உருபுகளைச் சிறு அட்டைகளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய பாடத்தில் இருந்து ஒரு வாக்கியத்தை உருபுகள் இல்லாமல் எழுதிவிட்டு, அட்டைகளைப் பொருத்தச் சொல்லுங்கள். பிறகு ஒரே ஓர் அட்டையை மாற்றி வைத்து, "இப்போது கதை எப்படி மாறியது?" என்று கேளுங்கள். குழுவாகச் செய்தால் சண்டையே நடக்கும். அந்தச் சண்டையில்தான் படிப்பு இருக்கிறது.

'மாடு புல் தின்றது' போல ஐ உருபு மறைந்து வரும் இடங்களையும் சேர்த்துக் காட்டுங்கள். அங்கே எது எதைத் தின்றது என்று சொல்ல உலக அறிவு கைகொடுக்கிறது. 'பூனை பாம்பு பிடித்தது' என்று எழுதினால் எவரும் கொஞ்சம் தயங்குவார்கள். உருபு எதற்கு வேண்டும் என்பதை அந்தத் தயக்கமே சொல்லிவிடும்.

எச்சங்கள்: அதிக நேரம் கொடுக்க வேண்டிய இடம்

என்னைக் கேட்டால், தமிழ் வாசிப்பில் புரியாமை குவிந்து கிடப்பது பெயரெச்சத்தில்தான், அதாவது 'வந்த பையன்' என்பதில் 'வந்த' போல ஒரு பெயரைக் கொண்டு முடியும் வினையில். எச்சத்துக்குப் பின்னால் வரும் பெயரோடு அதற்கு என்ன உறவு என்று வாக்கியம் சொல்லாது. வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டும்.

காய் அரிந்த அம்மா. காய் அரிந்த கத்தி. காய் அரிந்த பலகை. காய் அரிந்த நேரம். அம்மா அரிந்த காய். எல்லாவற்றிலும் 'அரிந்த' ஒன்றுதான். ஆனால் முதலாவதில் அரிந்தவர், அடுத்ததில் கருவி, அதற்கடுத்ததில் இடம், பிறகு காலம், கடைசியில் அரியப்பட்ட பொருள். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று நன்னூல் சொல்லும் ஆறும் பெயரெச்சத்துக்குப் பின்னால் வந்து நிற்க முடியும். நமக்கு இது மூச்சு விடுவது போல வந்துவிடுவதால், பிள்ளைக்கு இதில் என்ன கஷ்டம் என்று தோன்றாது.

பயிற்சி எளிது. பெயரெச்சத் தொடரை முழு வாக்கியமாக மாற்றச் சொல்லுங்கள். 'காய் அரிந்த கத்தி' என்பதை 'அம்மா கத்தியால் காய் அரிந்தார்' என்று மாற்றும்போது, மறைந்திருந்த 'ஆல்' வெளியே வருகிறது. 'காய் அரிந்த பலகை' என்பதில் இருந்து 'பலகையில்' வரும். தொடருக்குள் விழுங்கப்பட்ட உருபை மீட்டெடுப்பதுதான் புரிதல். இதைத் தினமும் நான்கைந்து தொடர்களுக்கு வாய்மொழியாகச் செய்தாலே போதும், எழுதவே வேண்டாம்.

இன்னொரு வினையைக் கொண்டு முடியும் வினையெச்சத்தில் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: எது முன்னால் நடந்தது? இரண்டையும் செய்தது ஒரே ஆளா? 'அக்கா கதவைத் திறந்து உள்ளே வந்தாள்' என்பதில் ஒரே ஆள். 'அக்கா கதவைத் திறக்க, தம்பி உள்ளே வந்தான்' என்பதில் இரண்டு ஆட்கள். 'செய்து' என்ற வடிவம் பொதுவாக ஒரே ஆளிடம் நிற்கும், 'செய்ய' என்ற வடிவம் ஆள் மாற இடம் கொடுக்கும். 'மழை பெய்து பயிர் விளைந்தது' போன்ற விலக்குகள் இருக்கின்றன. வகுப்பில் யாராவது அதைக் கண்டுபிடித்துக் கேட்டால் மனதாரப் பாராட்டுங்கள். நீங்களாகத் தொடக்கத்திலேயே கொண்டுவந்து குழப்ப வேண்டாம்.

அப்புறம், கீழே உள்ள நான்கு வாக்கியங்கள். இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

மழை பெய்தால் குளம் நிரம்பும்.
மழை பெய்ததால் குளம் நிரம்பியது.
மழை பெய்தும் குளம் நிரம்பவில்லை.
மழை பெய்தாலும் குளம் நிரம்பாது.

ஒவ்வொன்றுக்கும் "மழை பெய்ததா?", "குளத்தில் தண்ணீர் நிறைந்திருக்கிறதா?" என்று கேட்டு, ஆம், இல்லை, தெரியாது என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். முதல் வாக்கியத்துக்கு இரண்டு கேள்விக்குமே 'தெரியாது'தான் சரி. பிள்ளைகளுக்கு 'தெரியாது' என்பதும் ஒரு சரியான விடை என்பதே புதுச் செய்தி. 'பெய்தால்', 'பெய்ததால்' இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு 'த' என்ன வேலை செய்கிறது என்று அவர்களே கண்டுபிடித்துச் சொல்லும் நாள் வரும். அறிவியல், சமூக அறிவியல் பாடங்களில் காரணம், நிபந்தனை, முரண் எல்லாம் இந்த வடிவங்களில்தான் ஒளிந்திருக்கின்றன. அந்தப் பாடங்களை எடுப்பவர்களும் இதைச் செய்யலாம், தமிழாசிரியருக்கு என்று விட்டுவிட வேண்டியதில்லை.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்

இதுவரை சொன்னதை எல்லாம் ஒரே வாக்கியத்தில் எப்படிச் செய்வது? முல்லைப் பெரியாறு அணையைப் பற்றிய இந்த வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்.

"மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்த பெரியாற்று நீரை, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைக்குத் திருப்பும் அணையை, வெள்ளம் வேலையை அடித்துச் சென்ற பின்னும், பொறியாளர் பென்னிகுவிக் 1895இல் கட்டி முடித்தார்."

நன்றாக வாசிக்கத் தெரிந்த ஓர் ஏழாம் வகுப்பு மாணவியிடம் இதைக் கொடுத்து "பென்னிகுவிக் எதைக் கட்டினார்?" என்று கேட்டேன். கண் வாக்கியத்தின் தொடக்கத்துக்குப் போனது. "நீரை" என்றாள். சொன்னதும் அவளுக்கே ஏதோ இடித்தது, ஆனால் வேறு விடை கிடைக்கவில்லை. ஐ உருபு ஏற்ற சொற்களில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துவிட்டாள், அவ்வளவுதான்.

வாலில் இருந்து தொடங்கினோம். வினைமுற்று எது? கட்டி முடித்தார். யார்? பென்னிகுவிக். எப்போது? 1895இல். இப்போது ஐ உருபு உள்ள சொற்களை வட்டமிடச் சொன்னேன்: நீரை, மலையை, அணையை, வேலையை. ஒவ்வொன்றும் தனக்கு வலப்பக்கத்தில் ஒரு வினையைத் தேடும், பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் வினையைப் பிடித்துக்கொள்ளும். மலையை என்ன செய்தது? குடைந்தது. வேலையை? வெள்ளம் அடித்துச் சென்றது. நீரை? கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. 'குடைந்த' ஏற்கெனவே மலையோடு போய்விட்டது, ஆகவே 'திருப்பும்'. மிச்சம் இருப்பது அணை, மிச்சம் இருக்கும் வினை 'கட்டி முடித்தார்'. விடை கிடைத்ததும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

அடுத்து 'எந்த?' என்ற கேள்வி. எந்த நீர்? மேற்கே ஓடிக் கடலில் கலந்த நீர். எந்தச் சுரங்கம்? மலையைக் குடைந்த சுரங்கம். எந்த அணை? நீரை வைகைக்குத் திருப்பும் அணை. கடைசியாக 'பின்னும்' என்பதில் இருக்கும் அந்த 'உம்'. அதை எடுத்துவிட்டு 'சென்ற பின்' என்று வாசித்தால் என்ன போகிறது? "விடாமல் கட்டினார் என்பது போய்விடுகிறது" என்று பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இல்லை.

பிறகு வாக்கியத்தைச் சின்ன வாக்கியங்களாக உடைக்கச் சொல்லுங்கள். பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்தது. மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்தார்கள். அதன் வழியாக ஆற்று நீரை வைகைக்குத் திருப்ப ஓர் அணையைக் கட்டினார்கள். நடுவில் வெள்ளம் வேலையை அடித்துச் சென்றது. ஆனாலும் பென்னிகுவிக் 1895இல் அணையைக் கட்டி முடித்தார்.

மறுநாள் இந்தச் சின்ன வாக்கியங்களை மட்டும் கொடுத்து, ஒன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள். மூல வாக்கியம் போலவே வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உடைப்பவர்களுக்கு வாசிப்பு எளிதாகிறது. சேர்ப்பவர்களுக்கு எழுத்தும் கூடவே வளர்கிறது. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலக்கணப் பெயர்களை மட்டும் ஒப்பிக்க வைப்பதைவிட இந்த உடைத்துச் சேர்க்கும் பயிற்சி எவ்வளவோ பயன் தரும்.

வீட்டில் சொல்வது போலச் சொல்லட்டும்

உடைத்தபின் அதே செய்தியைப் பேச்சுத் தமிழில் சொல்ல விடுங்கள். "உங்க பாட்டிகிட்ட இதை எப்படிச் சொல்லுவ?" என்று கேட்டால் போதும். பேச்சில் நாம் நீண்ட பெயரெச்சங்களை அடுக்குவதில்லை, தானாகவே சின்னச் சின்னதாகப் பிரித்துச் சொல்வோம். புரியாத பிள்ளையால் அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது, புத்தகச் சொற்களையே திருப்பிச் சொல்லும். ஆக, இது பயிற்சியாகவும் ஆகும், சோதனையாகவும் ஆகும். வகுப்பில் பேச்சுத் தமிழ் கூடாது என்று நினைக்கும் ஆசிரியர்கள் இந்த ஓர் இடத்திலாவது கதவைத் திறந்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வாக்கியத்தில் இருந்து அடுத்ததற்கு

வாக்கியம் பிடிபட்ட பிறகு 'அவர், அது, தன், என்று' ஆகியவற்றைக் கவனியுங்கள். 'கவிதா மாலாவிடம் தன் குடையைக் கொடுத்தாள்' என்றால் குடை கவிதாவுடையது. 'அவள் குடையை' என்று மாற்றினால் யாருடையது என்று முன் வரிகளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். 'நாளை நான் வரமாட்டேன் என்று அண்ணன் சொன்னதாக அக்கா அம்மாவிடம் சொன்னாள்' என்ற வாக்கியத்தில் வராதவர் யார்? 'நான்' யாருடைய வாய்ச் சொல் என்று பிள்ளை 'என்று' இருக்கும் இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பத்தியில் உள்ள ஒவ்வொரு 'அவர்' மேலும் அந்த ஆளின் பெயரைப் பென்சிலால் எழுதச் சொல்வது பழைய வழிதான், இன்றும் அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

வகுப்பில் இதற்கு நேரம் எங்கே?

தனிப் பாடவேளை வேண்டாம். பாடம் எடுக்கும் முன் அதை நீங்கள் ஒருமுறை வாசித்து, பாரம் முழுவதையும் தாங்கும் வாக்கியங்கள் எவை என்று இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அவை புரிந்தால் பத்தி புரிந்துவிடும் என்ற வகையில் இருக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் பத்துப் பதினைந்து நிமிடம். மற்ற வரிகளை வழக்கம் போல வாசித்துக்கொண்டு போகலாம். எல்லா வாக்கியத்தையும் அறுத்துப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் பாடத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

இன்னொன்று. பிள்ளை தடுமாறும்போது பொருளை நீங்களே சொல்லிவிட மனம் துடிக்கும். வினைமுற்றைத் தொட்டுக் காட்டி, "யார்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். வகுப்பில் அந்த மௌனம் சங்கடமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

எழுவாய், பெயரெச்சம் என்ற பெயர்களைச் சொல்லலாமா என்று பலர் கேட்கிறார்கள். தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் வேலை முடிந்த பிறகு. 'எந்த?' என்ற கேள்விக்கு விடை தரும் சொல்லைப் பல வாக்கியங்களில் கண்டுபிடித்த பிள்ளையிடம் "இதற்குப் பெயரெச்சம் என்று பெயர்" என்றால் ஒட்டிக்கொள்ளும். அதையே முதல் நாள் வரையறையாக எழுதிப்போட்டால் தேர்வு முடிந்ததும் போய்விடும்.

முன்னேற்றத்தைப் பார்க்கப் பாடநூல் பத்தியைப் பயன்படுத்தாதீர்கள், நோட்ஸில் விடை மனப்பாடம் ஆகியிருக்கும். செய்தித்தாளில் இருந்தோ சிறுவர் இதழில் இருந்தோ நீளமான ஒரு வாக்கியத்தை வெட்டிக் கொடுங்கள். விடை எழுதச் சொல்வதற்குப் பதிலாக, அந்த வாக்கியத்தில் இருந்து பக்கத்தில் இருப்பவர் ஏமாறும்படி ஒரு கேள்வி தயாரிக்கச் சொல்லுங்கள். வாக்கியத்தில் எங்கே தடுக்கும் என்று தெரிந்த பிள்ளையால்தான் அப்படிக் கேட்க முடியும். கேள்வி இன்னும் முதல் வரியில் இருந்தே வருகிறது என்றால், மறுபடி வினைமுற்றுக்குக் கோடு போடுவதில் இருந்து தொடங்குங்கள்.